வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள்?

(களம்பூர் ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்று நான் பேசப்போவது நம் ஊரைத் தேடி வந்த ஒரு மாணவரைப் பற்றி. அதைவிட, அவர் வந்தபோது நாம் எப்படி இருந்தோம் என்பதைப் பற்றி. இதில் முதல் குற்றவாளி நான்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஜும்ஆவுக்கு ஒரு வாலிபர் வந்திருந்தார். சூடான் நாட்டுக்காரர். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறார். அவருடன் படிக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவர், "வா, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று அழைத்து வந்திருக்கிறார். இருவரும் ரயிலில் வந்து ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, நடந்தே பள்ளிவாசலுக்கு வந்தார்கள். ஹவ்ளில் ஒளு செய்துவிட்டு, மூன்றாவது ஸஃப்பில் நின்று சுன்னத் தொழுதார். கைகளைக் கட்டவில்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டபடி தொழுதார்.

அவ்வளவுதான். ஸலாம் கொடுத்ததும் பெரியவர் ஒருவர் அவருடைய கையைப் பிடித்து இழுத்து நெஞ்சுக்குக் கீழே வைத்துக் காட்டினார். இன்னொருவர், "ஷியாவா இவன்?" என்று உரக்கவே கேட்டார். பின் வரிசையில் இருந்த பிள்ளைகள் அவருடைய தலைமுடியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். அந்த வாலிபருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையைப் பிடித்து இழுப்பதற்கும், சிரிப்பதற்கும் மொழிபெயர்ப்பு தேவையா? அவர் புன்னகைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

மிம்பரில் ஏறுவதற்காக உட்கார்ந்திருந்த நான் இதைப் பார்த்தேன். தொழுகை முடிந்ததும் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். தொழுகை முடிந்தது, துஆ முடிந்தது. அன்று ஒரு நிக்காஹ் இருந்தது, வண்டி காத்திருந்தது. நான் போய்விட்டேன். அரபு மொழி ஓதியவன் இந்தப் பள்ளியில் நான்தான். அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க முடிந்தவனும் நான்தான்.

அருமைச் சகோதரர்களே! முதலில் கையின் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். நாம் இங்கே பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். கேரளத்திலும் நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் ஷாஃபிஈ மத்ஹப். வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, சூடான் போன்ற நாடுகளில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹப். மதீனாவிலேயே வாழ்ந்து, மதீனாவிலேயே பாடம் நடத்தி, மதீனாவிலேயே வஃபாத்தான இமாம் அவர்கள். அந்த மத்ஹபின் பிரபலமான சொல்லின்படி ஃபர்ளுத் தொழுகையில் கைகளைத் தொங்கவிடுவார்கள். பலர் எல்லாத் தொழுகையிலும் அப்படியே தொழுவார்கள். அந்த வாலிபர் தன் தகப்பனார் தொழுததைப் பார்த்துத் தொழுதார். நாமும் நம் தகப்பனார் தொழுததைப் பார்த்துத்தானே கை கட்டினோம்?

இது இன்றைக்குப் புதிதாக நடந்ததல்ல. உலகம் சுற்றிய இப்னு பதூதா, மொராக்கோவின் தஞ்சா நகரத்துக்காரர், மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். 14ஆம் நூற்றாண்டில் அவர் இன்றைய துருக்கியில் கருங்கடல் ஓரமுள்ள ஸினோப் நகரத்துக்குப் போனபோது, அவரும் கூட வந்தவர்களும் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுவதைப் பார்த்த அந்த ஊர் ஹனஃபி மக்கள், இவர்கள் ராஃபிளாக்கள் என்று சந்தேகப்பட்டார்கள். சோதித்துப் பார்க்க ஒரு முயலைக் கொடுத்தனுப்பினார்கள். ராஃபிளாக்கள் முயல் கறி சாப்பிடமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. இவர்கள் சமைத்துச் சாப்பிட்டதும்தான் சந்தேகம் தீர்ந்தது. அதன் பிறகு விருந்து அனுப்பினார்களாம். தம்முடைய பயண நூலில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ எழுநூறு வருடம் கழித்து நாமும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். அவர்களாவது முயல் கொடுத்தார்கள். நாம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. எனக்கு உறுத்தியது. நம் ஊர்ப் பையனிடம் எண்ணை வாங்கி அவரை அழைத்தேன். அரபியில் பேசினேன். சிறிது நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஷைக், நீங்கள் பேசுவது கிதாபில் இருக்கும் அரபி. எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். பள்ளியில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் அன்றே விட்டுவிட்டேன்" என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், "வீட்டில் யாரை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு பேசத் தொடங்கியவர் முக்கால் மணி நேரம் பேசினார். உம்மாவைப் பற்றி, தங்கைகளைப் பற்றி, 2023 ஏப்ரலில் சண்டை மூண்ட பிறகு ஆளுக்கொரு திசையாகப் போன குடும்பத்தைப் பற்றி. கடைசியில், "இந்தக் கேள்வியை இங்கே என்னிடம் கேட்டது நீங்கள்தான்" என்றார்.

கண்ணியத்திற்குரியவர்களே! அந்தக் கேள்வி என்னுடையது அல்ல. அது நம் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி.

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் வருகிறது. அவர்களும் ஏறக்குறைய ஒரே வயதுடைய சில வாலிபர்களும் மார்க்கம் படிப்பதற்காக மதீனாவுக்கு வந்தார்கள். இருபது இரவுகள் தங்கினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் வெளியூர் மாணவர்கள். இருபது நாள் ஆனதும் வாலிபர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் புரிந்துகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிப் போங்கள், அவர்களோடு இருங்கள், படித்ததை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று வழியனுப்பி வைத்தார்கள். எப்படித் தொழ வேண்டும், யார் பாங்கு சொல்ல வேண்டும், யார் இமாமாக நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்கள். நாயகம் மிகவும் இரக்கமும் மென்மையும் உடையவர்களாக இருந்தார்கள் என்று மாலிக் (ரலி) சொல்கிறார்கள்.

கவனியுங்கள். அவர்கள் அல்லாஹ்வின் தூதர். வஹீ இறங்கும் நேரம், படைகள் புறப்படும் நேரம், ஒரு நாட்டையே நடத்தும் பொறுப்பு. அதற்கு நடுவில் அந்த வாலிபப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, இவனுக்கு உம்மா ஞாபகம் வந்துவிட்டது என்று கண்டுகொண்டார்கள். எனக்கு ஒரு நிக்காஹ் இருந்ததே என்று நான் சொன்னால், நாளை அல்லாஹ்விடம் அது செல்லுபடியாகுமா?

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் என் அறையில் இலங்கையைச் சேர்ந்த ஒரு மாணவர் இருந்தார். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்களே, அந்த மக்களில் ஒருவர். புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தவர். எங்களைப் போலவே தமிழ்தான் பேசுவார். அதனாலேயே அவர் வெளிநாட்டுக்காரர் என்பது எங்களுக்கு மறந்துபோகும். ரமளான் விடுமுறை வந்தது. மதரஸாவில் ரமளான் என்றால் உங்களுக்குத் தெரியும், ஷஃபானிலேயே பெட்டி கட்டிவிடுவோம். சமையற்கட்டு மூடிவிடும். "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்டோம். "இங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், போய்விடுவேன்" என்றார். சரி என்று கிளம்பிவிட்டோம்.

ஷவ்வாலில் திரும்பி வந்தபோது சமையல்காரர்தான் சொன்னார். அந்தப் பையன் எங்கும் போகவில்லை. ஒரு மாதம் முழுவதும் காலியான அறையில் தனியாக இருந்திருக்கிறார். இஃப்தாருக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. மீதியைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கி வந்து ஸஹருக்கு வைத்துக்கொள்வார். பெருநாளன்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். லைன் கிடைக்கவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டார். என் வீடு மதரஸாவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். என் உம்மா ஒருவருக்குச் சேர்த்துச் சமைக்கத் தெரியாதவர்கள் அல்ல. நான் கேட்டது "எங்கே போகிறாய்" என்று மட்டும்தான். "என்னோடு வா" என்று சொல்லவில்லை. இன்றும் பெருநாள் தொழுகைக்கு நிற்கும்போது எனக்கு அந்தத் தூக்குப் பாத்திரம் ஞாபகத்துக்கு வரும்.

அருமைச் சகோதரர்களே! மாணவன் கேட்கமாட்டான். படிக்க வந்த பிள்ளைக்குப் பசியைவிட வெட்கம் பெரியது. அபூஹுரைரா (ரலி) அவர்களைப் பாருங்கள். யமன் தேசத்து தவ்ஸ் கோத்திரத்துக்காரர். ஹிஜ்ரி 7இல், கைபர் நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். திண்ணைத் தோழர்களில் ஒருவராகப் பள்ளியிலேயே தங்கினார்கள். பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டியதாக அவர்களே சொல்கிறார்கள். ஒரு நாள் மக்கள் போகிற பாதையில் உட்கார்ந்து, அபூபக்ர் (ரலி) அவர்களிடம் ஒரு ஆயத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஆயத் தெரியாமல் அல்ல, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு கொடுப்பார்களா என்றுதான். அவர்கள் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். உமர் (ரலி) வந்தார்கள். அவர்களும் அப்படியே. பிறகு நாயகம் (ஸல்) வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் புன்னகைத்தார்கள். கேள்வியே தேவைப்படவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு கிண்ணம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் கூப்பிடச் சொல்லி, எல்லோரும் வயிறாரக் குடித்த பிறகு, அபூஹுரைராவுக்குப் போதும் போதும் என்னும்வரை கொடுத்து, கடைசியில் மீதியைத் தாங்கள் குடித்தார்கள்.

அபூபக்ரும் உமரும் நம்மைவிடப் பல்லாயிரம் மடங்கு உயர்ந்தவர்கள். அவர்களுக்கே அந்த நேரத்தில் அது புலப்படவில்லை. அப்படியானால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அடுத்து, ஊர் ஒத்துக்கொள்ளாமல் போவது. அந்தச் சூடான் வாலிபர் ஒரு வார்த்தை சொன்னார். "எங்கள் ஊர் வெயில் சுடும், உங்கள் ஊர் வெயில் வேகவைக்கும்." நம் ஊரில் நெல் அவிக்கிறோமே, அந்த மாதிரி. வேர்வை காயாது, இரவிலும் இறங்காது, மழை வந்தால் கொசு. குளிர் நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். நம் சாம்பாரிலும் தால்சாவிலும் உள்ள காரம் அவர்களுக்கு நெருப்பு.

மக்காவிலிருந்து முஹாஜிர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவர்களுக்கும் அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ரும் பிலாலும் (ரலி) காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் விடும் நேரத்தில் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே முளைக்கும் புல்லையும் நினைத்துக் கவிதை பாடுவார்கள். ஆயிஷா (ரலி) அதை நாயகத்திடம் சொன்னார்கள். மதீனாவுக்கு வந்தும் மக்காவையே நினைத்து ஏங்குகிறார்களே என்று நாயகம் (ஸல்) கோபப்படவில்லை. யா அல்லாஹ், மக்காவை நேசித்ததைப் போல, அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்கு நேசமாக்கு, அதை ஆரோக்கியமான ஊராக்கு, அதன் காய்ச்சலை அப்புறப்படுத்து என்ற கருத்தில் துஆ செய்தார்கள். சொந்த ஊரை நினைத்து அழுவது ஈமானுக்குக் குறைவல்ல. வந்த ஊர் பிடித்துப்போகும்படி செய்வது அந்த ஊர்க்காரர்களின் பொறுப்பு.

சற்று முன் சொன்ன இப்னு பதூதா நம் தமிழ் மண்ணுக்கும் வந்தார். மதுரையில் அவருக்குச் சாகும் அளவுக்குக் காய்ச்சல். அப்போது புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் நாட்டத்தால் குணமானதாக எழுதுகிறார். அரபியில் புளிக்குப் பெயரே தம்ர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சம்பழம். ஆனால் இன்று நாம் புளியோடு நின்றுவிடக் கூடாது. அறையில் தனியாக இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருந்துக்கடையில் கண்ட வலி மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவில் ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவை உண்டாக்கும். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, கூட ஒருவர் உட்கார்ந்திருங்கள்.

இனி, அந்தச் சிரிப்பைப் பற்றி. நிறத்தையும் முடியையும் பார்த்துச் சிரித்தது பிள்ளைகள்தான். ஆனால் பிள்ளைகள் எங்கே கற்றுக்கொண்டார்கள்? நம் வீட்டில்தான். அபூதர் (ரலி) ஒருவருடைய தாயாரைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்று நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். ஹுஜுராத் சூராவின் 13ஆவது ஆயத்தில், நம்மைப் பல கூட்டத்தாராக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று அல்லாஹ் கூறுகிறான். நம் ஆரணித் தறிகளைப் பாருங்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. வந்தது எல்லாம் சேர்ந்தால்தான் சேலை. நெசவாளிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை என்றால் எப்படி?

இது முஸ்லிம் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நிஸா சூராவின் 36ஆவது ஆயத்தில் உறவினரான அண்டை வீட்டாரையும், உறவில்லாத அண்டை வீட்டாரையும், வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்தே சொல்கிறான். நேபாளத்துப் பிள்ளையும் தான்சானியாப் பிள்ளையும் எந்த மதமாக இருந்தாலும் நம் அண்டை வீட்டார்தான். மக்காவில் பிறந்து, நம் நாட்டின் முதல் கல்வி அமைச்சராக இருந்த மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள், 1950இல் இந்தியக் கலாச்சார உறவுகள் குழுவை, அதாவது ஐ.சி.சி.ஆர். அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் உதவித்தொகையில் இன்றும் பல நாட்டுப் பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். அரசு கதவைத் திறக்கலாம். உள்ளே வந்தவரை உட்காரச் சொல்ல வேண்டியது நாம்.

சில காரியங்களைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, வீடு. "வெளிநாட்டுக்காரனுக்கு வீடு கொடுத்தால் போலீஸ் பிரச்சினை" என்று பயப்படுகிறோம். சட்டம் கேட்பது இதுதான்: தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்திற்குள் குடியேற்றத் துறைக்கு இணையவழியில் தகவல் தர வேண்டும். செய்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. செய்யாமல் ஒளித்து வைப்பது உதவி அல்ல, அவருக்கும் உங்களுக்கும் ஆபத்து.

இரண்டு, வேலை. பாவம் என்று நினைத்து ரைஸ் மில்லில் கணக்கெழுதக் கூப்பிடாதீர்கள். மாணவர் விசாவில் வந்தவர் இங்கே சம்பளத்திற்கு வேலை பார்க்கக் கூடாது. விசாவே போய்விடும், படிப்பும் போய்விடும்.

மூன்று, ஜகாத். தவ்பா சூராவின் 60ஆவது ஆயத்தில் ஜகாத் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர். அதில் கடைசியாக வருபவர் வழிப்போக்கர், இப்னு ஸபீல். ஊரில் சொத்து இருந்தாலும், போரோ வேறு காரணமோ அந்தப் பணம் கைக்கு வராமல் அந்நிய ஊரில் சிக்கிய முஸ்லிமுக்குத் தேவையான அளவு ஜகாத் கொடுக்கலாம். மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். எப்படிக் கொடுத்தாலும் மறைவாகக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. யாருடைய தேவையையும் மிம்பரில் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான்கு, விடுமுறை. ரமளான், பெருநாள், பொங்கல், தீபாவளி என்று விடுதி காலியாகும் நாட்களில்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மனம் உடையும். உங்கள் வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது, "உன்னோடு படிக்கும் யாராவது அங்கேயே இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். இருந்தால் கூட்டி வரச் சொல்லுங்கள். அன்று காரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

இன்று உங்கள் பிள்ளைகளும் வெளியே இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் டாக்டருக்குப் படிக்கிறவர்கள், மலேசியாவில் படிக்கிறவர்கள். அதுவும் வெயிலும் புயல் மழையும் உள்ள நாடுகள்தான். அங்கே உங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி கொடுப்பார்கள் என்று இரவில் தூக்கம் வராமல் கிடக்கிறீர்கள். அதே நேரம் எங்கேயோ ஒரு தாய், களம்பூர் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு தாய், உங்கள் கைகளை நம்பித் தன் பிள்ளையை அனுப்பியிருக்கிறாள்.

வெளியூரில் படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. போன நாட்டின் சட்டத்தை மதியுங்கள். அங்குள்ள மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். கஷ்டத்தை ஒருவரிடமாவது சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். வாரம் ஒரு தடவையாவது உம்மாவிடம் பேசுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வாலிபர் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். "என் கையைப் பற்றி மிம்பரில் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று அனுமதியும் கொடுத்திருக்கிறார். எல்லோரும் ஒரேயடியாகச் சூழ்ந்துகொண்டு அவரைத் திணறடிக்காதீர்கள். ஸலாம் சொல்லுங்கள், பெயரைக் கேளுங்கள். அன்று கையைப் பிடித்து இழுத்த பெரியவர் என்னிடம் வந்து அழுதார். தம் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு என்று சொல்லியிருக்கிறார். அல்லாஹ் அந்தப் பெரியவரின் பிழையையும் என் பிழையையும் மன்னிப்பானாக.

யா அல்லாஹ்! கல்விக்காக வீட்டை விட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் நீ பாதுகாப்பாயாக. அவர்களைப் பிரிந்து வாடும் பெற்றோரின் கண்களைக் குளிர வைப்பாயாக. சூடானிலும் போர் நடக்கும் எல்லா நாடுகளிலும் அமைதியைத் தருவாயாக. நாங்கள் கேட்கத் தவறிய கேள்விகளுக்காக எங்களைப் பிடித்துவிடாதே. முகத்தைப் பார்த்தே பசியறிந்த உன் ஹபீபின் குணத்தில் ஒரு துளியையாவது எங்கள் உள்ளங்களில் போடுவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.